வீட்டு உறுதி யார் பெயரில்?

சில ஆண்டுகளுக்கு முன்பு, மாரி மழை விடாது பெய்துகொண்டிருந்த ஓர் இரவில், இடம்பெயர்ந்தோர் குடியிருப்பு ஒன்றிலிருந்து இளம் தாய் ஒருவர் வந்து எமது பங்கு மனைக் கதவைத் தட்டினார். இடுப்பில் குழந்தை, கையில் ஒரு சீலைப் பை. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. "சுவாமி, இண்டைக்கு ராவைக்கு மட்டும் இருக்க இடம் தாங்க" என்றார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

நாம் என்ன செய்தோம்? அன்றிரவு அவரைக் கன்னியர் மடத்தில் தங்க வைத்தோம். விடிந்ததும் கணவனுக்கு ஆள் அனுப்பினோம். அவன் வந்து அழுதான்; இனிமேல் கை நீட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்தான். இருவரையும் முழந்தாளில் நிறுத்திச் செபித்தோம். "பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பொறுத்துக்கொள் அம்மா" என்று சொல்லி அனுப்பி வைத்தோம். பிரிய இருந்த குடும்பம் ஒன்றைச் சேர்த்து வைத்த நிறைவோடு அன்றைய பணிகளுக்குச் சென்றோம்.

மூன்று கிழமை கழித்து அதே தாயை வைத்தியசாலை விடுதியில் கண்டோம். கை முறிந்திருந்தது. எம்மை அவர் குறை கூறவில்லை. "சுவாமி சொன்னா எப்படி மறுக்கிறது எண்டுதான் போனன்" என்றார். அவருக்கு இருந்தது ஒரேயொரு கதவு. அதனை அடைத்தவர்கள் நாமே.

இக்கட்டுரையைப் புத்திமதி கூறுவதற்காக அன்றி, அந்தத் தாய்க்குப் பட்ட கடனைத் தீர்க்கவே எழுதுகின்றோம்.

அடி மட்டுமா கொடுமை?

குடும்ப வன்முறை என்றதும் எமது மனக்கண்ணில் தோன்றுவது குடித்துவிட்டு வந்து அடிக்கும் ஒரு கணவன். கசிப்பை ஒழித்தால் இதுவும் ஒழியும் என்று நாமும் ஒரு காலத்தில் எண்ணினோம். ஆனால் குடி என்பதே அறியாத வீடுகளிலும், ஐந்து நேரமும் தொழும் வீடுகளிலும், ஞாயிறு தவறாமல் பூசைக்கு வரும் வீடுகளிலும் இது நடக்கின்றது. இலங்கைத் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019ஆம் ஆண்டு நாடளாவிய ஆய்வொன்றை நடத்தியது. மணமான அல்லது துணையோடு வாழ்ந்த பெண்களுள் ஐந்தில் ஒருவர் தம் வாழ்நாளில் துணைவரின் உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறைக்கு உள்ளாகியிருந்ததாக அது கண்டது. உங்கள் மாதர் சங்கத்தில் இருபத்தைந்து பேர் இருந்தால் ஐந்து பேர். அந்த ஐவர் யார் என்பதை நாம் அறியோம். அதுவே இக்கொடுமையின் இயல்பு.

எண்ணிக்கையில் அகப்படாத இன்னொன்றும் உண்டு. கை ஓங்காமலே ஒருத்தியின் வாழ்வு முழுவதையும் கைக்குள் வைத்திருப்பது. வங்கிப் புத்தகம் அவனது சட்டைப் பையில் இருக்கும். மருதமுனையில் தறியில் இருந்து சாரம் நெய்பவள் அவள். கூலியை வாங்கி எண்ணுபவன் அவன். வெயிலில் நின்று களை பிடுங்கியவள் அவள். நெல் என்ன விலைக்குப் போனது என்பதுகூட அவளுக்குத் தெரியாது. தாய் வீட்டுக்குப் போக அனுமதி, கிளினிக்குக்குப் போக அனுமதி, கூட்டத்துக்கு வர அனுமதி. கைத்தொலைபேசியில் யாரோடு பேசினாள் என்று இரவில் விசாரணை. அவள் மறுமொழி சொன்னால் "உனக்குப் புத்தி பிசகிவிட்டது" என்ற தீர்ப்பு. சில ஆண்டுகள் இப்படிக் கழிந்தால் அவளே தன் புத்தியைச் சந்தேகிக்கத் தொடங்குவாள்.

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களாகிய உங்களுக்கு இதனை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 1990இன் வன்செயல்களிலும் அதன் பின்னரும் ஊரை விட்டு ஓடியவர்கள் நீங்கள். உங்கள் சொந்த வட்டைக்குப் போக இன்னொருவனிடம் அனுமதி கேட்டு வெயிலில் நின்ற நாட்களை நினைத்துப் பாருங்கள். எங்கே போகிறாய், ஏன் போகிறாய், எப்போது திரும்புவாய் என்ற கேள்விகளுக்குத் தலை குனிந்து பதில் சொன்னீர்கள். உங்கள் காணியின் கடதாசி இன்னொருவன் கையில் இருந்தது. அன்று உங்களை யாரும் அடிக்காமல் விட்டிருந்தாலும், சுதந்திரமாக இருந்தோம் என்று சொல்வீர்களா? அந்த வாழ்வைத்தான் எம்முள் சிலர் எமது வீடுகளுக்குள் எமது மனைவியருக்கு வைத்திருக்கின்றோம்.

"வயலையும் இழந்து, தொழிலையும் இழந்து வந்த மனிசன் சுவாமி, மனம் வெந்து அடிக்கிறான்" என்று பலர் எம்மிடம் சொல்வதுண்டு. அந்த வேதனை உண்மையானது. நாமும் அதனோடு வாழ்கின்றோம். ஆனால் அதே மனிதன் வேலை கொடுக்கும் போடியாரை அடிப்பதில்லை. கந்தோரில் அலைக்கழிக்கும் உத்தியோகத்தரை அடிப்பதில்லை. மனம் வெந்த நேரத்திலும் யாரை அடிக்கலாம், யாரை அடிக்க முடியாது என்ற கணக்கு அவனிடம் சரியாகவே இருக்கின்றது. அப்படியாயின் அதற்குப் பெயர் வேதனை அல்ல, அதிகாரம்.

கண்ணகியை எப்படி நினைவு கூருகின்றோம்?

எமது கரையோரத்தில் காரைதீவிலும் தம்பிலுவிலிலும் பட்டிமேட்டிலும் கண்ணகிக்குக் கோயில்கள் உள்ளன. வைகாசி மாதத்தில் குளிர்த்திச் சடங்கு நடைபெறும். அவளது வழக்குரை காவியம் பாடப்படும். கத்தோலிக்கக் குருவாகிய நாமும் அந்நாட்களில் அயலவர்களின் அழைப்பை ஏற்றுச் சென்று தூர நின்று கேட்டதுண்டு.

கண்ணகியின் வாழ்வில் இரண்டு பகுதிகள் உள்ளன. கணவன் வேறு பெண்ணிடம் சென்று செல்வம் அனைத்தையும் தொலைத்துத் திரும்பியபோது ஒரு சொல்லும் கூறாது காற்சிலம்பைக் கழற்றிக் கொடுத்தவள் முதற்பகுதிக் கண்ணகி. அரச சபைக்குத் தனியாகச் சென்று, ஆட்சியில் இருந்தவனின் முகத்துக்கு நேரே அவனது தீர்ப்புப் பிழை என்று காட்டியவள் இரண்டாம் பகுதிக் கண்ணகி. குளிர்த்தி செய்து நாம் தணிப்பது இரண்டாமவளின் கோபத்தையே. இந்தக் கரையோரம் நூற்றாண்டுகளாகத் தெய்வமாக வணங்கி வருவதும் வழக்குரைத்த அந்தப் பெண்ணைத்தான். ஆனால் கலியாண வீட்டில் புத்திமதி சொல்லும்போது மட்டும் முதலாமவளை எடுத்துக்காட்டுகின்றோம். பொறுமையே பெண்ணுக்கு அழகு என்கின்றோம். நீதி கேட்பதும் பெண்ணுக்கு அழகு என்று எந்த மணப்பந்தலில் சொன்னோம்?

எமது காலத்தில் இன்னொரு பெண். தமிழகத்தின் திருச்சி மாவட்டத்தில் துவரங்குறிச்சி என்ற ஊரில் 1968இல் பிறந்த முஸ்லிம் பெண் அவர். பருவமடைந்த வயதில் பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள், வீட்டுக்குள் வைத்தார்கள். மணமான பின்னும் எழுதக் கூடாது என்பது புகுந்த வீட்டின் கட்டளை. எல்லோரும் உறங்கிய பின் கழிப்பறையில் நின்று கவிதை எழுதினார். அவற்றை ஒளித்து வெளியே கொண்டுசேர்க்கத் தாய் உதவினார். யார் எழுதியது என்று தெரியாதிருக்கச் 'சல்மா' என்ற புனைபெயர். 2000இல் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' என்ற கவிதை நூலும், 2004இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' என்ற நாவலும் வெளிவந்தன. சுவர்களுக்குள் வாழும் பெண்களின் வாழ்வை அந்த நாவல் ஒளிவுமறைவின்றிச் சொல்கின்றது. 2001இல் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் போட்டியிட்டு அவர் தம் ஊரின் பேரூராட்சித் தலைவரானார். 2025இல் இந்திய மாநிலங்களவையின் உறுப்பினரானார்.

இந்தக் கதையை எமது குழுக்களில் சொல்லும்போது, "அவ படிச்சவ, கெட்டிக்காரி" என்பார்கள். நாம் அதில் காண்பது வேறு. மகளின் கடதாசிகளை ஒளித்துக் கொண்டுசென்ற தாயைப் பாருங்கள். "பொறுத்துக்கொள்" என்று மட்டும் அவர் சொல்லியிருந்தால் சல்மா என்ற பெயரை யாரும் அறிந்திருக்க மாட்டார்கள். வெளியே ஒரு கை இருந்தபடியாற்றான் உள்ளே இருந்தவர் வெளியே வந்தார். அன்றிரவு எமது கதவைத் தட்டிய தாய்க்கு நாம் அந்தக் கையாக இருக்கவில்லை.

எமது கரையோரத்தின் பலம்

இனி, எமது மக்களிடமே உள்ள ஒரு பலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று போன்ற முஸ்லிம் ஊர்களிலும், அவற்றை அடுத்துள்ள தமிழ் ஊர்களிலும் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டையோ புதிதாகக் கட்டிய வீட்டையோ மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்வளவுக்கு ஒதுங்கிக்கொள்வர். மதம் வேறாயினும் இந்த வழமை ஒன்றே. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் ஆய்வு செய்து இதனை விரிவாக எழுதியுள்ளார்.

இந்த வழமையின் பாரத்தை நாம் மறைக்கவில்லை. மகளுக்கு வீடு கட்டுவதற்காகவே மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போய் உடலை உருக்கிய உம்மாமார் எத்தனை பேர்! வீடு போதாதென்று கைக்கூலி கேட்கும் மாப்பிள்ளைமாரும் உள்ளனர். சீதனத்தை நாம் ஆதரிக்கவில்லை. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வீடு அவள் பெயரில். அடுத்த வளவில் தாய், சகோதரிகள். அவள் கத்தினால் கேட்கும் தூரத்தில் அவளது மனிதர்கள். "வெளியே போ" என்று சொல்லக்கூடியவள் அவளே, அவன் அல்லன்.

இடப்பெயர்வு இந்தப் பாதுகாப்பைத்தான் முதலில் உடைத்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடல்கோளில் இலங்கையில் மிக அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. கரையோரத்தில் பெண்கள் பெயரில் இருந்த சீதன வீடுகள் அழிந்தன. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று முதலில் அறிவித்தார்கள். பின்னர் வேறிடங்களில் வீடுகள் வழங்கப்பட்டபோது, 'குடும்பத் தலைவர் யார்?' என்று படிவம் கேட்டது. கணவன் பெயர் எழுதப்பட்டது. யாரும் திட்டமிட்டுப் பறிக்கவில்லை. ஒரு படிவத்தின் ஒரு கோட்டில், தலைமுறை தலைமுறையாகத் தாயிடமிருந்து மகளுக்கு வந்த உரிமை பல குடும்பங்களில் கைமாறியது. இருவர் பெயரிலும் உறுதி வேண்டும் என்று கிழக்கின் பெண்கள் அமைப்புகள் அன்றே குரல் எழுப்பின. அந்தக் குரல் கந்தோர்களில் போதிய அளவு கேட்கப்படவில்லை.

வயற்காணியிலும் இதே கதை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகளில், வாரிசு நியமிக்கப்படாதபோது பெண்மக்களுக்கு முன்பாக ஆண்மக்களே வந்தனர். அந்தப் பேதம் நீங்க 2022இன் திருத்தம் வரை, அதாவது 87 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று. சட்டம் மாறியதைக் குடும்பங்கள் பல இன்னும் அறியவில்லை.

நாம் முன்னர் சொன்ன தாயும் அத்தகையவரே. தாய் கொடுத்த வளவை விட்டு ஓடி வந்தவர். புதிய குடியிருப்பில் வீடு கணவன் பெயரில். சகோதரிகள் வேறு ஊர்களில். "எங்கே போவேன்?" என்ற அவரது கேள்விக்கு விடை இல்லாது போனமைக்கு அவரது விதி காரணம் அன்று.

வேதமும் சட்டமும்

முதலில் எமது வீட்டைப் பார்ப்போம். மனைவி கணவனுக்குப் பணிந்திருக்க வேண்டும் என்று புனித பவுல் எபேசியருக்கு எழுதியதை எமது ஆண்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். கிறிஸ்து திருச்சபைக்காகத் தம்மையே கையளித்தது போலக் கணவன் மனைவியை அன்பு செய்ய வேண்டும் என்று அதே இடத்தில் அவர் எழுதியதை மறந்துவிடுவார்கள். சிலுவையைச் சுமக்கச் சொன்னார் ஆண்டவர். மனைவியின் தோளில் சிலுவையைச் சுமத்தும்படி கணவனுக்குச் சொல்லவில்லை.

திருமணத்தைப் பிரிக்க முடியாத திருவருட்சாதனமாகக் கொள்ளும் எமது திருச்சபை, 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1153ஆம் சட்டத்தையும் எழுதியுள்ளது. துணைவர் உடலுக்கோ ஆன்மாவுக்கோ, பிள்ளைகளுக்கோ கடும் ஆபத்து விளைவித்தால் மற்றவர் பிரிந்து வாழ நியாயமான காரணம் உண்டு; தாமதம் ஆபத்தாயின் யாருடைய உத்தரவுக்கும் காத்திராது தாமாகவே பிரியலாம். திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்ச்சி' என்ற மடலில், பலவீனமானவரையும் பிள்ளைகளையும் காக்கப் பிரிவு சில வேளை ஒழுக்கக் கடமையாகவே ஆகும் என்ற கருத்தை வலியுறுத்தினார். குருமடத்தில் 1153ஆம் சட்டத்தைப் பரீட்சைக்காகப் படித்தவர்கள் நாம். மழையில் ஒருத்தி வந்து நின்றபோது அது எமக்கு நினைவுக்கு வரவில்லை.

முஸ்லிம் சகோதரர்களின் மார்க்கத்தைப் பற்றித் தீர்ப்புக் கூற நாம் தகுதியானவர் அல்லர். கணவன் மனைவிக்கிடையே அன்பும் இரக்கமும் வைத்திருப்பது இறைவனின் அத்தாட்சி என்பதே குர்ஆனின் போதனை என்று எமது மௌலவி நண்பர்கள் எமக்குச் சொல்லித் தந்துள்ளனர். கொடுமையிலிருந்து விடுபட மனைவிக்கு 'பஸஹ்' என்ற வழியும் உண்டு. ஆனால் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ், 'தலாக்' சொல்லும் கணவன் காரணம் காட்ட வேண்டியதில்லை. 'பஸஹ்' கேட்கும் மனைவியோ காதியார் முன் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். இதனைத் திருத்தும்படி முஸ்லிம் பெண்களே பல்லாண்டுகளாகக் கேட்டு வந்துள்ளனர். 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைந்த குழு தன் அறிக்கையை 2018இலேயே கையளித்தது. எம்மவர் இதைக் கேட்டுப் பெருமை கொள்ள வேண்டாம். ஏனையோருக்கான 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டமும் கொடுமையை விவாகரத்துக்கான தனிக் காரணமாகச் சேர்க்காமலே எழுதப்பட்டது.

இனம், மதம் பாராது எல்லோருக்கும் பொதுவான ஒரு சட்டம் உண்டு. அதுவே 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். அதன் பயனை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் வேண்டும்.

பாதிக்கப்பட்டவர் தாமாகவோ, அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரோ நீதவான் நீதிமன்றில் விண்ணப்பிக்கலாம். அவசரமாயின் நீதவான் இடைக்காலக் கட்டளை வழங்கி, 14 நாட்களுக்குள் விசாரணைக்குத் திகதி குறிப்பார். பின்னர் 12 மாதங்கள் வரை பாதுகாப்புக் கட்டளை வழங்கலாம். கொடுமை செய்பவர் வீட்டுக்குள் வருவதையும், வேலைத்தலத்துக்கோ தங்குமிடத்துக்கோ சென்று தொல்லை கொடுப்பதையும், அவளை நிர்க்கதியாக்கும் விதத்தில் வீட்டை விற்பதையும் நீதிமன்று தடுக்கலாம். கட்டளையை மீறினால்தான் தண்டனை. அது ஓராண்டு வரை சிறையாகவும் இருக்கலாம். உடலில் காயம் இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை. தொடர்ந்து கொடூரமாக இழிவுபடுத்தி மனத்தை வதைப்பதும் இச்சட்டத்தின்படி வன்முறையே.

"கோடு கச்சேரி ஏறினால் குடும்பம் முறியும்" என்று அஞ்சுவோருக்கு ஒரு சொல். இது விவாகரத்து வழக்கு அல்ல. அடியை நிறுத்தும் வழக்கு. அடி நின்ற பின் குடும்பம் சேர்வதா பிரிவதா என்பதை அவளே அச்சமின்றி முடிவு செய்யட்டும். அச்சத்தால் கட்டி வைத்த குடும்பம் ஏற்கனவே முறிந்ததுதான். அயலவருக்கு மட்டுமே அது தெரிவதில்லை.

நாம் செய்யக்கூடியவை

குருமார், மௌலவிமார், பள்ளிவாசல் மரைக்காயர்கள், கோயில் வண்ணக்கர்மார், சங்கத் தலைவர்கள் ஆகிய எமக்கு முதற்கடமை: சமாதானம் பேசுவதற்கு முன் பாதுகாப்பைக் கேட்க வேண்டும். "இன்றிரவு வீட்டுக்குப் போகப் பயமா?" என்று அவளிடம் தனியே கேளுங்கள். கணவனை அருகில் வைத்துக்கொண்டு கேட்கும் கேள்விக்கு உண்மையான பதில் வராது. பயம் என்றால் திருப்பி அனுப்பாதீர்கள்.

இரண்டாவது, இனி எந்த வீட்டுத் திட்டத்திலும் காணிப் பத்திரத்திலும் மனைவியின் பெயரும் வர வேண்டும் என்று கேளுங்கள். அந்தப் படிவத்தை உங்கள் சங்கமே வாசித்துப் பார்க்கட்டும். சீதன வீடு இழந்த பெண்ணுக்குக் கிடைக்கும் வீடு அவளுக்கே உரியது. இதனை நாம் சலுகையாகக் கேட்கவில்லை. இந்த மண்ணின் வழமையைத் திரும்பக் கேட்கின்றோம்.

மூன்றாவது, செல்லும் இடங்களை அறிந்திருங்கள். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். பொலிஸ் நிலையங்களில் பெண்கள், சிறுவர் பிரிவு உண்டு. பெரிய அரச வைத்தியசாலைகள் பலவற்றில் 'மித்துரு பியச' என்ற நிலையம் இயங்குகின்றது. நோய் காட்டப் போவது போலவே அங்கு செல்லலாம். வழக்குப் பேசப் பணமில்லாதோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. தொலைபேசியில் 1938 என்ற இலக்கம் பெண்களுக்கான அரச உதவிச் சேவை. மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம், 1990களின் தொடக்கத்தில் இடம்பெயர்ந்த பெண்களிடையே தோன்றி வளர்ந்த அமைப்பு. உங்களைப் போன்றவர்களே அதனைக் கட்டி எழுப்பினார்கள்.

ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றிரவு வங்கிப் புத்தகத்தையும் காணிக் கடதாசியையும் எடுத்து மனைவியின் முன் வையுங்கள். அதில் என்ன இருக்கிறது என்று சேர்ந்து வாசியுங்கள். பெரிய சீர்திருத்தம் ஒன்றும் வேண்டாம், இதிலிருந்து தொடங்கலாம்.

கை முறிந்த அந்தத் தாய் பிறகு சகோதரியிடம் போய்ச் சேர்ந்தார். கன்னியர் ஒருவர் துணை சென்றார். இன்று தையல் செய்து பிள்ளையைப் படிப்பிக்கின்றார். அண்மையில் அவரைக் கண்டபோது, முதல் முறை திருப்பி அனுப்பியதற்காக மன்னிப்புக் கேட்டோம். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "இனி வாற ஆக்களை அனுப்பாதீங்க சுவாமி" என்றார்.

அந்த வேண்டுகோளையே உங்கள் எல்லோரிடமும் கையளிக்கின்றோம்.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட:

1. உங்கள் குடியிருப்பில் எத்தனை வீடுகளின் பத்திரத்தில் பெண்ணின் பெயர் உள்ளது? பழைய ஊரில் எத்தனை இருந்தது?

2. ஒரு பெண் இரவில் வீட்டை விட்டு ஓடி வந்தால் உங்கள் ஊரில் எந்தக் கதவு திறக்கும்? ஒன்றும் இல்லையெனில், எதனைத் திறக்கலாம்?

3. மகளை மணமுடித்துக் கொடுக்கும்போது நாம் சொல்லும் புத்திமதிகள் எவை? மகனுக்குச் சொல்லும் புத்திமதிகள் எவை?